வைரல் ஆக்கித் தரச் சொல்பவர்களுக்கு

"இந்தப் போஸ்ட்டை எப்படியாவது வைரல் ஆக்கிடுங்க" என்று கேட்டாலே எனக்குச் சிரிப்புதான் வரும். லைக் போடுவது வேறு, இன்னொருவருக்கு அனுப்புவது வேறு. நம் பொருளின் பெருமையை யார் நண்பருக்கு ஃபார்வர்ட் செய்யப் போகிறார்கள்? 2014 ஐஸ் பக்கெட் சேலஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள்: தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, அடுத்த ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 24 மணி நேரம் கெடுவும் வைத்தார்கள், பரப்பும் வேலை வீடியோவுக்குள்ளேயே இருந்தது, ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. ஹேஷ்டேக் அடுக்குவதெல்லாம் சும்மா மனத்திருப்திக்கு. நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளை வைத்து 2012இல் வந்த ஆய்வில், வியப்பும் கோபமும் நன்றாகப் பரவின, சோகம் அவ்வளவாக இல்லை. கோபமூட்டுவது சுலபம்தான், ஆனால் அது நம் பிராண்டு மேலேயே திரும்பும். அப்புறம், வீடியோ தொடங்கியதுமே லோகோவைச் சுழல விடுவதையாவது நிறுத்துங்கள், சரியா?