திரைக்குள் வராத கை

மார்ச் 3

குடியை விடுவதற்காக, வீடியோவில் ஆலோசகரோடு முதல் அமர்வு. அதற்கு முன்பே கேள்வித்தாள் வந்திருந்தது. குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’: 10 கேள்விகள், 40 புள்ளிகள். நேரில் ஒருவர் கேட்டிருந்தால் ஒவ்வொன்றையும் ஒரு படி குறைத்தே சொல்லியிருப்பேன். நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து நிரப்பியதால் உள்ளதை உள்ளபடி போட்டேன். 24 வந்தது. 20ஐத் தொட்டாலே குடிக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகமாம்.

நாளையே நிறுத்திவிடுகிறேன் என்றேன். ஆலோசகர் பதறித் தடுத்தார். தினமும் குடித்துப் பழகிய உடம்பு சட்டென்று நிறுத்தினால் நடுக்கத்தோடு போகாது, வலிப்பு வரலாம். 2, 3 நாளில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிருக்கே ஆபத்து என்றார். “இதை நான் வீடியோவில் பார்த்துக்கொள்ள முடியாது. முதலில் நேரில் டாக்டரைப் பாருங்கள்.” தன்னால் முடியாததைச் சொன்னாரே, அதில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

மார்ச் 14

ஏழு நாள் மருத்துவமனை. தயமின் (வைட்டமின் பி1) ஊசி, படிப்படியாகக் குறைத்த மாத்திரைகள். நேற்று வீடு திரும்பினேன். எழுதத் தெம்பில்லை.

மார்ச் 23

ஆசை வரும்போதெல்லாம் நேரம், அதற்கு முன் நடந்தது, 10க்கு எவ்வளவு என்று குறிக்கச் சொன்னார் ஆலோசகர். மனக்கஷ்டத்தில்தான் குடிக்கிறேன் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். குறிப்பேட்டில் சண்டை நாள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாலை ஆறரை, லேப்டாப்பை மூடிய கையோடு. அதே மேஜை, அதே நாற்காலி. சிகிச்சைக்கும் அங்கேதானே உட்காருகிறேன்!

ஆசையை அடக்காமல், அலைபோல் ஏறி இறங்குவதைக் கவனிக்கும் பயிற்சி ஒன்று. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் கொண்டுவந்ததாம். இன்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். 22 நிமிடம். நெஞ்சு படபடத்தது, வாய் ஊறியது, பிறகு இறங்கியது.

ஏப்ரல் 9

குடித்தேன். அதுவும் அமர்வின் நடுவிலேயே. டம்ளர் கேமராவுக்குக் கீழே இருந்தது. “இந்த வாரம் நன்றாகப் போகிறது” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எதிரே இருந்திருந்தால் வாடையே காட்டிக்கொடுத்திருக்கும். உண்மையைச் சொல்ல வைத்த இதே தனிமைதான் இன்று பொய்க்கும் இடம் கொடுத்தது. தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து எல்லாவற்றையும் அவருக்குச் செய்தியாக எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் 10

காலையில் பதில் வந்தது: “சொன்னதற்கு நன்றி. இன்று பேசலாமா?” திட்டவில்லை. முதல் வாய் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பாட்டில் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதில் போய் நின்றது பேச்சு. பத்து நாளாக அலமாரியில் வைத்திருந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பேசி முடித்ததும் தங்கையை வரச்சொல்லி, பாட்டிலில் இருந்ததை அவள் முன்னால் கீழே கொட்டினேன்.

ஏப்ரல் 16

அமர்வை ஆறரைக்கு மாற்றிக்கொண்டோம். மேஜையை விட்டு ஜன்னலோரம் போனேன். லேப்டாப்பைத் தள்ளி வைத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தெரிகிறதா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார்.