போகிக்கு இரண்டு நாள் முன்னால் வந்த போன்

"சார், நீங்க என் இடத்துல இருந்தா கையெழுத்துப் போடுவீங்களா?"

2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். எகிப்தின் போர்ட் சையதில் நங்கூரம் போட்டிருந்த ஒரு பல்க் கேரியரிலிருந்து, அதாவது தானியம், உரம் என்று மொத்தச் சரக்கு ஏற்றும் கப்பலிலிருந்து, வாட்ஸ்அப் கால். முதல் கான்ட்ராக்டில் ஓ.எஸ்., அதாவது சாதாரண மாலுமியாகப் போயிருந்த தம்பி, தூத்துக்குடிப் பக்கம். ராஜாஜி சாலைக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கும், கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் எங்கள் மேனிங் ஆபீஸில் அவனுக்கு இன்டர்வியூ, மெடிக்கல், டிக்கெட் எல்லாம் பார்த்தவன் நான்தான். அன்று காலை கேப்டன் எல்லோர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். ஏமனின் ஹூதி படையினர் கப்பல்களை அடித்துக்கொண்டிருந்த செங்கடலின் தென்பகுதியைக் கடக்கச் சம்மதம் என்ற தாள். சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும்.

நான் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "நியூஸ் பார்த்தியா தம்பி? அமெரிக்காவும் பிரிட்டனும் விடியக்காலையில ஏமன்ல இறங்கி அடிச்சிருக்காங்க. 60-க்கும் மேல டார்கெட்டாம். இனிமே அவனுங்க அடங்கிடுவானுங்க. நேத்து இருந்ததுக்கு இன்னைக்கு எவ்வளவோ தேவலை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி சார், நீங்க சொன்னா சரி" என்று வைத்துவிட்டான். நாலு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டோம்.

நான் பொய் சொல்லவில்லை. சொன்னதை அப்போது நம்பித்தான் சொன்னேன். வீட்டில் டீ குடித்துக்கொண்டே டிவியில் பார்த்த செய்தி அது. கேலக்ஸி லீடர் என்ற கப்பலை ஹூதிகள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிப் பிடித்துக்கொண்டு போனது முந்தைய நவம்பர் 19-ல். அதிலிருந்த 25 பேரும் அப்போது இன்னும் அவர்கள் பிடியில்தான் இருந்தார்கள். டிசம்பர் 23-ல் நம் குஜராத் கடலுக்கு வெளியிலேயே கெம் புளூட்டோ என்ற டேங்கர் மேல் டிரோன் விழுந்தது. அதில் இருந்தவர்களில் ஒருவர் தவிர எல்லோரும் இந்தியர்கள். அந்த இரண்டு மாதமும் என் மேஜை போன் ஓயவில்லை. யாராவது திருப்பி அடிக்க மாட்டார்களா என்று நானே ஏங்கியிருக்கிறேன். அடித்துவிட்டார்கள் என்றதும் மனசுக்குள் ஒரு தெம்பு வந்தது. அதைத்தான் அவனுக்கும் கொடுத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் இந்த வேலைக்கு வந்தது சோமாலியக் கொள்ளையர் காலத்தில். ஏடன் வளைகுடாவில் 2008 அக்டோபரிலிருந்து நம் நேவி ரோந்து போனது, மற்ற நாட்டுக் கப்பல்களும் வந்தன. ரேஸர் வயர், தண்ணீர்க் குழாய், ஒளிந்துகொள்ள சிட்டாடல் என்று கப்பல்கள் பழகின. ஒவ்வொரு வீட்டுக்கும் "நேவி இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று நான் சொன்னது அன்றைக்குப் பலித்தது. ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்து, 2023 ஜனவரி 1 முதல் இந்தியப் பெருங்கடலைக் கொள்ளையர் அபாயப் பகுதி என்று குறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பலித்த வார்த்தை நாக்கிலேயே தங்கிவிடுகிறது. கொள்ளைக்காரனுக்கு வேண்டியது பணம். அடி விழும் என்று தெரிந்தால் கணக்குப் போட்டுப் பார்த்து ஒதுங்குவான். ஹூதிகள் 2015-லிருந்து சவூதி விமானங்களின் குண்டுவீச்சைத் தாங்கி நின்றவர்கள். அமெரிக்காவே வந்து அடிக்கிறது என்பது அவர்கள் ஊரில் அவர்களைப் பெரிய ஆளாக்குகிற விஷயம். இதெல்லாம் தெரியாத ஆளா நான்? தெரியும். அந்தக் காலையில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது காலையில் பேசியதுகூட இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்த மெயில்.

அந்தப் பகுதியில் நிற்கும் கூட்டுக் கடற்படைகளின் எச்சரிக்கை அது. சில நாட்களுக்கு, செங்கடலின் தென்முனையில் இருக்கும் பாப் எல் மண்டேப் நீரிணைப் பக்கம் வணிகக் கப்பல்கள் வர வேண்டாம், தள்ளியே நில்லுங்கள் என்றது. டேங்கர் முதலாளிகள் சங்கமான இன்டர்டாங்கோவும் தன் உறுப்பினர்களுக்கு அன்றைக்கே அதைச் சொல்லியிருந்தது. அமெரிக்கத் தளபதியின் கீழ் இருக்கும் கூட்டுப் படை அது. அடித்தவர்கள் பக்கத்திலிருந்தே எச்சரிக்கை வருகிறது என்றால், பதிலடி எங்கே விழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. போர்க்கப்பலுக்கு ஏவுகணையைத் தடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் உரமும் கோதுமையும் சுமந்துபோகிற கப்பலுக்கு என்ன இருக்கிறது? காலையில் நான் சொன்னது தப்பு என்பது மட்டுமில்லை, நேர் எதிர்.

அவனைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். போர்ட் சையதில் அப்போது மதியம் பன்னிரண்டரை. கையெழுத்துப் போட்டிருந்தால்கூட மாற்றிக்கொள்ளலாம். வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை மாலுமிக்கு உண்டு, கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். வருபவர்களுக்கு அந்தப் பகுதியைக் கடக்கும் நாட்களில் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு, உயிருக்கு ஏதாவது ஆனால் இழப்பீடும் இரட்டிப்பு. எல்லாம் காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. அந்தச் சம்மதத் தாளில் ஒரு வரி வரும்: 'இப்பகுதியில் உள்ள அபாயம் எனக்கு விளக்கப்பட்டது.' யார் விளக்கினார்கள் என்று எழுத அதில் இடம் கிடையாது. அவன் விஷயத்தில் விளக்கியவன் நான்.

நான் கூப்பிடவில்லை. அதே மெயில் கேப்டனுக்கும் போயிருக்கும், அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கப்பலுக்குள் நடக்கிறதில் ஆபீஸ் தலையிடுவது முறையில்லை என்றும் நினைத்தேன். பொங்கல் லீவுக்கு முன்னால் முடிக்க வேண்டிய ஆறு பேர் டிக்கெட் மேஜைமேல் இருந்தது. இதில் எது உண்மையான காரணம் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பொங்கலன்று, 15-ம் தேதி, ஏடன் வளைகுடாவில் ஜிப்ரால்டர் ஈகிள் மேல் ஏவுகணை விழுந்தது. மாட்டுப் பொங்கலன்று செங்கடலில் ஸோக்ராஃபியா. காணும் பொங்கல் ராத்திரி ஜென்கோ பிகார்டி. அதில் 9 இந்தியர்கள், நம் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் போய் நின்றது. மூன்றும் பல்க் கேரியர்கள். அதுவரை இஸ்ரேல் சம்பந்தப்பட்ட கப்பல் என்று சொல்லி அடித்தவர்கள், 12-ம் தேதிக்குப் பிறகு அமெரிக்க, பிரிட்டன் கப்பல்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். குடும்பத்தோடு மெரினாவில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் அலைமோதுகிறது, சின்னவள் பலூன் கேட்கிறாள், நான் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் கப்பல் சூயஸைத் தாண்டி சில நாள் காத்துக் கிடந்தது. பிறகு முதலாளி போகலாம் என்றார். தைப்பூசத்துக்கு முந்தின நாள் அவன் அம்மா கூப்பிட்டார். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போய்க்கொண்டிருக்கிறார், பின்னால் அரோகரா சத்தம். "மவன் பேசி நாலு நாளாச்சு சார். கப்பல் அந்த எடத்தத் தாண்டிருச்சா?" கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. "தாண்டிடும்மா" என்றேன். அதே நாளில் அமெரிக்கப் போர்க்கப்பல் துணைக்கு வந்தும் மெர்ஸ்க் கப்பல்கள் இரண்டு வெடிச்சத்தம் கேட்டு வந்த வழியே திரும்பின. 26-ம் தேதி மார்லின் லுவாண்டா என்ற டேங்கர் பற்றி எரிந்தது, அதில் வேலை பார்த்தவர்களில் 22 பேர் இந்தியர்கள். அதற்குள் அவன் கப்பல் அரபிக் கடலுக்கு வந்திருந்தது. ஒரு கீறல் இல்லை.

அப்படியானால் நான் சொன்னது சரியாகத்தானே போயிற்று என்று சில நாள் தோன்றும். இல்லை, தப்பித்தது வேறு, சரியாகச் சொன்னது வேறு.

திருப்பி அடிப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில், ஹைகோர்ட் மதில் சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22. சரக்குக் கப்பல்களாகத் தேடித்தேடி மூழ்கடித்த அந்த ஜெர்மன் கப்பலை நவம்பரில் கொக்கோஸ் தீவருகே அடித்து முடக்கியதும், அதன் பயம் இந்தக் கடலிலிருந்து ஒழிந்தது. அது ஒரே கப்பல், ஒரே கேப்டன். ஏமனில் ஏவுகணையை லாரி முதுகில் ஏற்றிக் கொண்டுவந்து ஏவிவிட்டு மலைக்குள் போய்விடுகிறார்கள். 2025 மார்ச் 15-லிருந்து மே 6 வரை அமெரிக்கா ஏழு வாரம் விடாமல் அடித்தது. ராஸ் ஈசா எண்ணெய்த் துறைமுகத்தில் மட்டும் 70-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஹூதி தரப்பு சொன்னது. துறைமுகத்தில் வேலை செய்கிறவன் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான், டிபன் பாக்ஸோடு ஷிஃப்டுக்கு வருகிறவன். அத்தனைக்கும் பிறகு ஜூலையில் மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி என்ற இரண்டு கப்பல்களையும் ஒரே வாரத்தில் மூழ்கடித்தார்கள். அடிக்காமலே விட்டிருந்தால் இதைவிட மோசமாகியிருக்குமோ என்னவோ. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற இடத்தில் நான் இல்லை. போனை எடுத்துப் பதில் சொல்கிற இடத்தில் இருந்தேன்.

2024 செப்டம்பரில் கான்ட்ராக்ட் முடிந்து கப்பலிலிருந்து சைன் ஆஃப் ஆகி ஆபீஸுக்கு வந்தான். கையில் மக்ரூன் பெட்டி. "அம்மா கொடுத்துவிட்டாங்க சார். அன்னைக்கு நீங்க தைரியம் சொன்னதைச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க." என்னால் அந்தப் பெட்டியை வாங்க முடியவில்லை. உட்கார வைத்து, சாயங்காலம் பார்த்த மெயிலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "கேப்டன் உங்ககிட்ட படிச்சுக் காட்டியிருப்பார்னு நெனச்சேன் தம்பி."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்படி எந்த மெயிலும் அவர் சொல்லலையே சார். ஆர்டர் வரலைன்னுதான் நிக்கிறோம்னார்."

கோபமாகச் சொல்லவில்லை. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, அடுத்த ஜாயினிங் எப்போது வரும் என்று கேட்டான். அக்காவுக்குத் தையில் கல்யாணமாம். சி.டி.சி., அதாவது மாலுமிப் புத்தகத்தின் நம்பரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.