மாஸ்டின் நிழல்

காற்றாலை வைக்க இடம் தேடி, சுரண்டைப் பக்கம் ஒரு செம்மண் காட்டில் 80 மீட்டர் மாஸ்ட் (அளவுக் கம்பம்) நட்டு, ஓராண்டு காற்றை அளந்தோம். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கி ஓடும் தடம் அது. போட்டிக்கு இன்னோர் இடம், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, முப்பந்தலுக்குக் கிழக்கே. அங்கே காற்று ஊரறிந்தது. ஆனால் மேற்கே வரிசைகட்டி நிற்கும் பழைய காத்தாடிகள் கடைந்துவிட்ட மிச்சம்தான் நமக்குக் கிடைக்கும்.

சுரண்டைக் கணக்கு அழகாக வந்தது. 80 மீட்டரில் வினாடிக்கு 6.8 மீட்டர், 50 மீட்டரில் 6.2. அந்த ஏற்றத்தை மேலே நீட்டினால், காத்தாடியின் அச்சு இருக்கப்போகும் 120 மீட்டரில் 7.4ஐத் தொட்டது. எனக்கு வாயெல்லாம் பல்.

மாஸ்டுக்குக் காவலிருந்த அண்ணாச்சிதான் முதலில் கிளப்பினார். "இந்த வருசம் காத்து ரொம்பத்தான் தம்பி. போன ஆடியில இதுல பாதி கூட இல்ல." பாதி என்பது மிகை. ஆனால் 20 ஆண்டு வானிலைத் தரவோடு ஒட்டிப் பார்த்தால், நாங்கள் அளந்தது வலுத்த ஆண்டுதான்.

சந்தேகம் வந்தபின் தரவைத் திசைவாரியாகப் பிரித்தேன். மேற்குக் காற்று அடிக்கும்போது மட்டும் கீழ் அனிமோமீட்டர், அதாவது 50 மீட்டரில் இருந்த காற்றுவேக மானி, குறைத்துக் காட்டியது. அதைத் தாங்கும் பூம், மாஸ்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கம்பி, கிழக்குப் பார்த்து நின்றிருக்கிறது! சீசன் முழுக்க மானி மாஸ்டின் நிழலில். கீழே குறைந்ததால் ஏற்றம் செங்குத்தாகத் தெரிந்திருக்கிறது. நிறுவல் அறிக்கையில் கையெழுத்து என்னுடையது.

திருத்தினால் 7.2க்குச் சற்றுக் கீழே. இந்தப் புள்ளி இரண்டுக்கா இவ்வளவு பதற்றம் என்று நிதிப் பிரிவில் கேட்டார்கள். காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படியாக ஏறி இறங்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தில் சுமார் 8 சதவீதம் போய்விடும்.

சராசரியில் அப்போதும் சுரண்டையே மேல். ஆனால் கடன் தருபவர்கள் பார்ப்பது பி90ஐ, அதாவது பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பில் உற்பத்தி இதற்குக் கீழே இறங்காது என்று சொல்லக்கூடிய எண்ணை. முப்பந்தலில் பக்கத்துக் காத்தாடிகளின் பல ஆண்டு உற்பத்திக் கணக்கு கைவசம் இருந்ததால் கணிப்பில் ஐயம் குறைவு; அந்த எண்ணில் அதுவே முந்தியது. அங்கேயே போனோம்.

சுரண்டையில் பூமை வடக்கே திருப்பி, இன்னோர் ஆடிக்கு விட்டுவைத்தோம். நில ஒப்பந்தத்தை நீட்டிக்க முன்பணம் தனியாகப் போனது. மேலாளர் இன்றும் அதைச் சொல்லிக்காட்டுவார்.