காலி வண்டியின் சத்தம்

டிராக்டர் ஓட்டப் பழகிய முதல் வருடத்தில் நான் தொலைத்த லாக் பின்களை, அதாவது கலப்பையை மாட்டும் பின் கழலாமல் குத்தி வைக்கும் கம்பிகளை, சேர்த்து வைத்திருந்தால் ஒரு டால்டா டப்பா நிறைந்திருக்கும். செம்மண்ணும் சுக்காங்கல்லும் கலந்து கிடக்கும் காங்கேயம் பக்கத்துக் காட்டில் விரல் நீளக் கம்பி ஒன்று விழுந்தால் விழுந்ததுதான். குனிந்து தேடிய நேரத்தில் அரை ஏக்கர் உழுதிருக்கலாம்.

எங்கள் பக்கம் கொறங்காடு உண்டு. கிளுவை வேலி போட்டு, கொளுக்கட்டைப் புல்லை மாடு மேய விட்டிருக்கும் நிலம். சில வருடம் மேய்த்த பிறகு ஒரு மழையைப் பார்த்து உழுது சோளம் விதைப்பார்கள். அந்த உழவுக்குத்தான் வாடகை வண்டி போகும். மண் இறுகிக் கிடக்கும், நடுநடுவே வெள்வேல மரத்தின் வேர் ஓடியிருக்கும். ஒன்பது கொத்துக் கலப்பையின் ஸ்பிரிங் கல்லில் பட்டு விரிந்து, விட்டதும் படீரென்று திரும்பி அடிக்கும். கலப்பையை வண்டியோடு பிணைப்பது மூன்று கைகள்: மேலே ஒரு டாப் லிங்க், கீழே இரண்டு லோயர் லிங்க். அந்த அடி அத்தனையும் அவற்றின் பின்களில்தான் வந்து இறங்குகிறது. ஆகவே கழன்று விழுவது உழும்போதுதான் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

ஒரு புரட்டாசியில் அந்த நம்பிக்கை போனது. மறுநாளும் அங்கேயே உழவு பாக்கி இருந்ததால் கலப்பையைக் காட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறும் வண்டியோடு கிளம்பினேன். லோயர் லிங்க்கைப் பக்கவாட்டில் ஆடவிடாமல் பிடிக்கும் செக் செயினில், இடது பக்கத்துக் கொண்டி நாலு நாளைக்கு முன்பே போயிருந்தது. கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வைத்திருந்தேன். 'நாளைக்கு வாங்கிக்கலாம்' என்ற நாளை வரவே இல்லை. தண்ணீர் இல்லாத பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறும்போது பின்னால் டங் டங்கென்று சத்தம். டூல் பெட்டிக்குள் ஸ்பேனர் உருளுகிறது என்று நினைத்து கியரை மாற்றினேன். கம்பி அறுந்து, லோயர் லிங்க் ஆடி ஆடிப் பெரிய டயரின் உட்பக்கத்தில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் சாண் நீளத்துக்கு ரப்பர் உரிந்து உள்ளே நூல் தெரிகிறது. வண்டி என்னுடையதல்ல. முதலாளி திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

லிங்க்கை நிமிர்த்தித் தந்த பட்டறைக்காரர் சொன்னார்: "உழுகறப்ப எல்லாம் இறுகி நிக்கும் தம்பி. காலியா போறப்பதான் கழண்டு விழுகும்." யோசித்தால் சரிதான். மண்ணுக்குள் கலப்பை இழுபடும்போது லோயர் லிங்க் பின் ஒரே பக்கமாக அழுந்தி நிற்கிறது, அசைய இடமில்லை. டாப் லிங்க்கும் பெரும்பாலும் வண்டியை நோக்கித் தள்ளியபடியே இருக்கும். கலப்பையைத் தூக்கியதும் அதுவே பின்பக்கம் இழுக்க ஆரம்பிக்கும். தூக்கியபடி கல்லு மேட்டில் குதித்துப் போனால் தள்ளலும் இழுப்பும் மாறி மாறி வந்து பின் துள்ளும். கலப்பையே இல்லையென்றால் கேட்கவே வேண்டாம், எல்லாம் தொங்கல்தான்.

டாப் லிங்க் என்ற அந்த மூன்றாவது கை வந்த கதை சுவையானது. அந்தக் காலத்து டிராக்டர்கள் பின்னால் கட்டி இழுத்த கலப்பை கல்லில் மாட்டினால், முன் சக்கரம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவன் மேலேயே கவிழ்ந்துவிடும். அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பிணைத்து, ஹைட்ராலிக்கையும் சேர்த்து அதற்கு வழி கண்டார். 1939-ல் ஃபோர்டு கம்பெனியோடு சேர்ந்து வந்த வண்டியில் அது பரவலானது. நம் ஊர் மாஸி பெர்குசனில் இருப்பது அவர் பெயர்தான். அவர் காட்டிலும் லாக் பின் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல்.

அதற்கப்புறம் வெறும் வண்டியோடு போகிறேன் என்றால் துளை போட்ட குறுக்குப் பட்டையை இரண்டு லோயர் லிங்க்குக்கும் நடுவில் மாட்டிப் பின் போட்டு, தூக்கி நிறுத்தி, செக் செயின் இரண்டையும் இறுக்கிவிடுவேன். பட்டை இல்லாத நாளில் பழைய டியூபை வெட்டி இரண்டையும் உள்பக்கம் இழுத்துக் கட்டிவிடுவேன். டாப் லிங்க்கைத் தொங்க விடுவதே இல்லை. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிளிப்பில் மாட்டுவேன், கிளிப் உடைந்திருந்தால் கழற்றிக் காலடியில் போட்டுக்கொள்வேன்.

லாக் பின் விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னது சோளத்தட்டைதான். அறுத்த காட்டில் கட்டை கட்டையாக நிற்கும் தட்டை, பின்னின் வளையத்துக்குள் நுழைந்து நெம்பித் திறந்துவிடும். சைக்கிள் டியூபில் ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வெட்டி, லாக் பின்னின் மேல் மாட்டிவிட்டால் தட்டையால் ஒன்றும் செய்ய முடியாது. பைசா செலவில்லை. சிலர் ஆணியை வளைத்து விடுவார்கள். நானும் செய்திருக்கிறேன். ஆணி தேய்ந்து அறுந்துபோகும், அதையாவது மன்னிக்கலாம். பின்னுக்குப் பதிலாகப் போல்ட்டைப் போடுவதுதான் பெரிய பாவம். அதன் மரை அரம் மாதிரி ஓட்டையை அராவி முட்டை வடிவமாக்கிவிடும்.

ஓட்டை என்றதும் இன்னொன்று. சின்ன வண்டிக் கலப்பையின் லோயர் லிங்க் பின் 22 மி.மீ., பெரிய வண்டியின் லிங்க் ஓட்டை 28 மி.மீ. இடைவெளியை அடைக்கும் இரும்பு வளையமான புஷ் போடாமல் அப்படியே மாட்டினால் ஒவ்வொரு கல்லுக்கும் அந்த இடைவெளியில் சுத்தியல் அடி விழுகிறது. தோட்டத்துக்காரர் "ஒரு நாள் ஓட்டத்துக்கு எதுக்குங்க புஷ்ஷு" என்பார். என் பெட்டியில் நாலு புஷ் எப்போதும் கிடக்கும்.

கிரீஸ் பற்றி எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். புழுதிக் காட்டில் லிங்க் நுனியின் குண்டுக்குக் கிரீஸ் வைப்பதை நான் விட்டுவிட்டேன். மணலும் கிரீஸும் சேர்ந்தால் அது உப்புத்தாள்தான். டாப் லிங்க் மரைக்கு மட்டும் துணியால் துடைத்துவிட்டு மெலிதாகத் தடவி, லாக் நட்டை இறுக்குவேன்.

இப்போது என்னோடு பழக வரும் பையன் வண்டியில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறான். காடு உழும்போது பாடட்டும், எனக்கு ஒன்றுமில்லை. கலப்பையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பும்போது மட்டும், பள்ளம் தாண்டும் வரை அணைத்து வை கண்ணு என்பேன். முறைத்துக்கொண்டே அணைப்பான்.