பட்டிப்பூவும் அத்தையின் கேள்வியும்

"ஏய்யா, நம்ம வெளையில போட்ட பட்டிப்பூலதான் புத்துநோய்க்கு மருந்து எடுக்காவளாமே, எனக்கு ஏத்துனது அதுதானா?"

மூன்றாவது கீமோ முடிந்து வள்ளியூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அத்தை கேட்டாள். அவளுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், ஆபரேஷன் ஆகியிருந்தது. பட்டிப்பூ என்றால் நித்தியகல்யாணி. மானாவாரியில் போட்டு, வேரோடு பிடுங்கிக் காயவைத்து, வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுத்தவள் அத்தை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மைனில் சாயமேற்றி, கவர்ஸ்லிப்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிற பிராக்டிகல் வருஷாவருஷம் உண்டு. சில வேர்களை மட்டும் முன்கூட்டியே கோல்ச்சிசினில் ஊறவைப்பேன். நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கிற அதே நஞ்சு. ஊறாத வேரில், பிரிகிற செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கும், தேர்வடம் மாதிரியான நுண்ணிய இழைகளால் இரண்டு பக்கமும் இழுபடும். ஊறிய வேரில் குட்டைகுட்டையாகத் தடித்து, செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். இழுக்க வடமே இல்லை.

நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கிற வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற மருந்துகள் இரண்டும் அந்த வடத்தைத்தான் கட்டவிடாமல் செய்கின்றன. 1958-இல் கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்தச் செடியில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடப்போய்க் கண்டுபிடித்தது வின்பிளாஸ்டின்.

வடம் இல்லாவிட்டால் செல் உடனே செத்துவிடாது. நெல்லையப்பர் தேரில் எல்லா வடமும் பிடித்தாச்சு என்று தெரியாமல் இழுக்க மாட்டார்கள் இல்லையா, அப்படி ஒவ்வொரு குரோமோசோமும் இழையில் மாட்டும்வரை செல் காத்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய பிரிவு பல மணி நேரம் இழுக்கும். நிற்க நிற்க, உயிரைப் பிடித்துவைத்திருக்கும் எம்.சி.எல்-1 என்ற புரதம் கரைகிறது. அது தீர்ந்தால் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், செல்லைப் பிரிவின் நடுவிலேயே நிறுத்திவைத்திருக்கும் சைக்ளின் பி என்ற புரதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். அது முந்திக்கொண்டால் செல் பிரியாமலே இரட்டிப்புக் குரோமோசோமோடு நழுவித் தப்பிவிடும். ஆய்வுக்கூடத் தட்டில் ஒரே வகைப் பெருங்குடல் புற்றுச் செல்களிலேயே ஒன்று சாகும், பக்கத்தில் இருப்பது நழுவும். எனக்கு ஆச்சரியம் தீராத இடம் இது.

ஆனால் அத்தைக்கு ஏற்றியது பட்டிப்பூ மருந்து இல்லை. பெருங்குடல் நோயாளிகளிடம் இந்த வடம் அறுக்கும் மருந்துகள் பெரிதாகப் பலன் தரவில்லை. அவளுக்கு டிரிப்பில் ஆக்ஸாலிபிளாட்டின், அப்புறம் 14 நாள் கேப்சிடபின் மாத்திரை. முதலாவது டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்துப் பூட்டிவிடும். இரண்டாவது உடம்புக்குள் போய் 5-ஃப்ளூரோயுரேசிலாக மாறி, டி.என்.ஏ. கட்டத் தேவையான தைமின் கிடைக்காமல் செய்யும். பிரியத் தயாராகும் செல்தான் அதிகம் மாட்டும். வாய்க்குள்ளும் குடலின் உள்தோலிலும் செல்கள் ஓயாமல் பிரிவதால் அவையும் மாட்டும். புண்ணும் வயிற்றுப்போக்கும் அதனால்தான்.

ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பையும் விடாது. ஏற்றிவந்த அன்று மண்பானைத் தண்ணீரில் கைவிட்டதும், முள்ளுக்குள் விட்டதுபோல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அதிலிருந்து கை கழுவவும் வெந்நீர்தான்.

"அப்ப நம்ம பூ யாருக்குப் போவுது?" என்றாள்.

ரத்தப் புற்றுநோய் வந்த சின்னப் பிள்ளைகளுக்கு வின்கிரிஸ்டின் கொடுக்கிறார்கள் என்றேன். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"இந்த மழைக்கும் அதையே போடச் சொல்லு உங்க மாமாட்ட."