பச்சை இருக்கான்னு பார்க்கலாமா?

தை பிறந்து கொஞ்ச நாளில் சேலத்து மொட்டை மாடிகளில் போன்சாயாக, அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கிற அரசமரங்கள் மஞ்சளிக்க ஆரம்பிக்கும். மாசியில் மொத்தமும் கொட்டி, ஒன்றேகால் அடி உயரத்தில் வெறும் குச்சியாக நிற்கும். வருஷம் பூரா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் அப்போதுதான் மாடி ஏறும். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா முதல் ஆளாகச் சாவுச் செய்தி சொல்வார்: "ஏனுங்க, மரம் பட்டுப்போச்சாட்ட இருக்குதுங்களே." அடுத்து சித்தப்பா. அவர் பேசமாட்டார். நேராகக் கட்டைவிரல் நகத்தை வைத்து அடிமரத்தில் ஒரு சுரண்டு. "பச்சை இருக்குது. பொழச்சுக்கும்."

சோதனை சரிதான். பட்டைக்கு அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை போச்சு. ஆனால் சுரண்ட வேண்டியது துடைப்பக்குச்சி பருமனுள்ள நுனிக்கிளையில், கடுகளவு, ஒரே ஒரு இடத்தில். போன்சாயில் எல்லாரும் பார்ப்பதே அடிமரத்தைத்தான்; அதில் விழும் கீறல் வருஷக்கணக்கில் மறையாது. சில வீடுகளில் மரத்தைப் பார்த்தே மாசியில் எத்தனை விருந்தாளி வந்தார்கள் என்று எண்ணிவிடலாம்.

இலை உதிர்ந்த மரத்தைச் சாகடிப்பது பெரும்பாலும் இரக்கம். "பாவம், காஞ்சு கெடக்குது" என்று காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. மரம் தண்ணீரை ஆவியாக விடுவது இலை வழியே. இலையே இல்லாதபோது வேர் உறிஞ்சுவது ரொம்பக் கம்மி. ஊற்றியதெல்லாம் மண்ணில் தேங்கி, காற்றுப் போகாமல் வேர் அழுகும். அதற்காக ஒரேயடியாகக் காயவும் விடக்கூடாது. 2 அங்குல ஆழத் தொட்டி மாசி வெயிலில் சீக்கிரம் வறண்டுவிடும். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை ஒன்றரை அங்குலம் சொருகி, 10 நிமிஷம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி நனைந்து கறுத்திருந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். லேசான ஈரம் மட்டும் என்றால், அடித்துளையில் வழிகிறவரை ஊற்றலாம். சொம்போடு வருகிறவர் கையில் முதலில் குச்சியைக் கொடுத்துவிடுவது உத்தமம்.

இரண்டாவது இரக்கம் யூரியா. "சத்து பத்தல" என்று ஒரு ஸ்பூன். இலையில்லாத மரத்துக்கு அது பந்தியில் இடமே கிடைக்காதவனுக்குப் பாயசம் பரிமாறுகிற கதை. உப்பு தங்கி நுனிவேர் கருகும். புது இலை முற்றி கெட்டியாகிற வரை உரமே வேண்டாம். மஞ்சள் இலையை அழகுக்காக முன்கூட்டியே பறிக்கவும் கூடாது. உதிரும் முன்னால் இலையில் உள்ள சத்தில் ஒரு பங்கை மரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. தொட்டாலே கையோடு வந்தால் எடுக்கலாம்.

போன்சாய் புத்தகங்களில் இலை உதிர்கிற காலத்து வேலையெல்லாம் அக்டோபர், நவம்பர் என்று இருக்கும். அது மேப்பிள் மரத்து இலை சிவக்கிற ஜப்பானின் கணக்கு. நமக்கு அது ஐப்பசி மழை. மரத்தில் இலை கொள்ளாமல் இருக்கும். அப்போதைய வேலை ஒன்றே ஒன்று: தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அரைச் செங்கல் முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைப்பது, மழைத்தண்ணீர் தேங்காது. அவசரப்பட்டு ஐப்பசியில் வேர் வெட்டினவர்கள் கார்த்திகையில் தீபம் ஏற்றுவது காலித் தொட்டிக்குத்தான்.

ஆசைக்கு மேப்பிளே வாங்குகிறவர்களும் உண்டு. அதற்குக் குளிர்காலத்தில் வாரக்கணக்காக ஒற்றை இலக்கக் குளிர் வேண்டும். கிடைக்காவிட்டால் தூங்காமலே களைத்து, வருஷா வருஷம் நலிந்து போகும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் வைத்தாலும், 1,500 மீட்டர் உயரத்தில் சேலத்தைவிட நன்றாகவே குளிருமே தவிர, மேப்பிள் எதிர்பார்க்கிற குளிர் அது இல்லை. கடைசி யோசனையாக மரம் ஃபிரிட்ஜுக்குள் போகும், தோசை மாவுக்கும் தக்காளிக்கும் நடுவில். பழுக்கிற பழமும் தக்காளியும் விடுகிற எத்திலீன் வாயு மொட்டுகளைக் கெடுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மாவுப் பாத்திரத்துக்கு இடம் தேடுகிற அம்மா. அரசு, புங்கன், மாதுளை, முசுக்கட்டை என்று நம்ம ஊர் வெயிலைத் தாங்கும் மரங்கள் இருக்க, இந்த வம்பு தேவையா?

அரசுக்கு ஒரு தனிச் சங்கடம். திங்கட்கிழமை அமாவாசை வந்தால் பாட்டி தொட்டியை 108 சுற்று சுற்றுவார். கோயில் மரத்துக்கு அரைமணி ஆகிற வேலை மாடியில் சீக்கிரம் முடிந்துவிடும், தலைதான் கிறுகிறுக்கும். அன்றைக்குக் கத்தரியைக் கையில் எடுக்காதீர்கள்.

மறுநாள் எடுக்கலாம். கிளைகளின் எலும்புக்கூடு முழுசாகத் தெரிவது இலையில்லாத இந்த நாட்களில்தான். ஒரே கணுவிலிருந்து மூன்று கிளை கிளம்பியிருந்தால் ஒன்றை எடுத்து இரண்டாக்குங்கள். விட்டால் அந்த இடம் முழங்கால் வீங்கின மாதிரி புடைத்துவிடும். நேர் கீழே தொங்குவது, ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவது எல்லாம் போகட்டும். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். பால் வடியும், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

கிளையை வேண்டிய வடிவத்துக்கு வளைக்கச் சுற்றுகிற கம்பி, கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கணும், 6 மி.மீ. கிளைக்கு 2 மி.மீ. அலுமினியம். 45 டிகிரி சாய்வில், மொட்டு நசுங்காமல் சுற்றி, வளைவின் வெளிப்புறத்தில் கம்பி வருகிற மாதிரி மெதுவாக வளைக்க வேண்டும். கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற கட்டுக்கம்பி வேண்டாம். துருப்பிடிக்கும், பட்டையையும் அறுக்கும். குளிர்நாட்டில் இலை உதிர்ந்ததும் சுற்றினால் வசந்தம் வரை அப்படியே விடலாம். இங்கே பங்குனியில் துளிர்த்ததுமே கிளை பருக்கத் தொடங்கும். ஆறே வாரத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். வாரம் ஒருமுறை பாருங்கள். எடுக்கும்போது சுற்றிப் பிரிக்காமல், வளையம் வளையமாக வெட்டி எடுங்கள்.

தொட்டி மாற்ற நாள் பார்க்க வேண்டியது காலண்டரில் இல்லை, மொட்டில். அரசின் நுனிமொட்டு ஈட்டிமுனை மாதிரி கூராக, உறைக்குள் இருக்கும். அது நீண்டு பருத்து, உறை பிரியப்போகிற நேரம்தான் நேரம். வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, 3 முதல் 5 மி.மீ. செங்கல் ஜல்லி 2 பங்கு, பெருமணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நட வேண்டும். ஜல்லியில் தூள் இருக்கக்கூடாது, சலிக்கணும். "என் மாவுச் சல்லடை எங்கடா?" என்று கீழிருந்து குரல் வருவதற்குள் சலித்துக் கழுவி வைத்துவிடுங்கள். மரம் ஆடாமல் தொட்டியோடு சேர்த்துக் கம்பியால் கட்டி, இரண்டு வாரம் நிழலில்.

பங்குனிக் கடைசியில் உறை பிரிந்து, செம்பு நிறத்தில் பளபளவென்று இலை விரியும். அக்கா துணியோடு வருவார், நின்று பார்ப்பார்.

"அட, இது நல்லாருக்குதுங்களே! புதுசா வாங்குனீங்களா? அந்தப் பட்டுப்போனதை எங்கீங்க போட்டீங்க?"