நேர்ஸ்பரோ: கல்லாகும் பொம்மைகளும் கண்ணில்லாமல் சாலை போட்டவரும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் யார்க் நகரம் வரை போய்விட்டு, ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் நேர்ஸ்பரோவை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம். யார்க்கில் கூட்டத்தில் நசுங்கி, தொட்டதற்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டு வந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் டாக்ஸி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரான ஹாரோகேட்டில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற டாக்ஸியில் ஏறினேன். அங்கிருந்து நேர்ஸ்பரோ ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த ஓட்டுநர் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் 25 பவுண்டு கேட்டார். மீட்டரைக் காட்டச் சொன்னேன். மழை நாளில் அப்படித்தான் என்றார். அநியாயம்! இரண்டு வேளைச் சாப்பாட்டுப் பணம் அது. அதே சாலையில் பஸ்கள் அடிக்கடி ஓடுகின்றன. 2025 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தின் பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒரு வழிக் கட்டணம் 3 பவுண்டைத் தாண்டுவதில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் பஸ்ஸிலேயே போங்கள்.

கோட்டை மேட்டில் நின்று கீழே பார்த்ததும் அந்தக் கோபம் பாதி இறங்கிவிட்டது. செங்குத்தான பாறைக்குக் கீழே நிட் ஆறு வளைந்து ஓடுகிறது, அதன் குறுக்கே நான்கு வளைவுகளுடன் கல்லாலான ரயில் பாலம். 1848இல் கட்டி முடிக்கும் தறுவாயில் பாலம் அப்படியே ஆற்றுக்குள் இடிந்து விழுந்தது. மறுபடி கட்டி 1851இல் திறந்தார்கள். இந்தக் காட்சிக்கு ஒரு காசும் தர வேண்டாம். கோட்டையே இப்போது சில சுவர்களும் கோபுரமும்தான்; 17ஆம் நூற்றாண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு நாடாளுமன்றத்தின் உத்தரவுப்படி இடித்துவிட்டார்கள். 1170இல் கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டைக் கொன்ற வீரர்கள் வந்து ஒளிந்துகொண்ட இடம் இதுதான். 1210இல் ஜான் மன்னர் புனித வாரத்தில் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கியதும் இந்த ஊரில்தான்.

ஆற்றங்கரையில் இருக்கிறது மதர் ஷிப்டன் குகை. 1488இல் இந்தக் குகையில் ஊர்சுலா என்ற பெண் பிறந்து, பின்னாளில் மதர் ஷிப்டன் என்ற பெயரில் வருங்காலத்தைச் சொன்னாள் என்பது ஊர்க்கதை. எனக்கு இந்தக் குறி சொல்லும் பகுதியில் துளியும் நம்பிக்கை இல்லை. 1881இல் உலகம் அழியும் என்று அவள் பாடியதாகப் பரவிய வரிகளை எழுதியவர் சார்லஸ் ஹிண்ட்லி. 1862இல் அச்சிட்டுவிட்டு, 1873இல் அவரே அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் 1881இல் மக்கள் நடுங்கினார்கள்!

பக்கத்தில் இருக்கும் கல்லாக்கும் ஊற்று அப்படியல்ல. அது கண்முன் நிற்கும் நிஜம். பாறை முகட்டிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. கீழே கயிறு கட்டி, கரடி பொம்மைகள், தொப்பிகள், காலணிகள் என்று வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீரில் கரைந்திருக்கும் தாது உப்புகள், நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் போல, பொம்மையின் மீது ஏறிக்கொண்டே போகின்றன. சின்னக் கரடி பொம்மை மூன்று முதல் ஐந்து மாதத்தில் கல்லாகிவிடுகிறது. பாதி பஞ்சும் பாதி கல்லுமாக ஒரு கரடி தொங்கியதைப் பார்த்துவிட்டு நகர மனமே வரவில்லை. 1630 முதலே காசு வாங்கிக் காட்டும் இடம் இது, இங்கிலாந்திலேயே மிகப் பழைய கட்டணச் சுற்றுலாத் தலம் என்கிறார்கள்.

ஆனால் என் மனதில் உட்கார்ந்துவிட்டவர் ஜாக் மெட்காஃப். சந்தைத் திடலில் பெஞ்சில் அமர்ந்தபடி, தூரம் அளக்கும் சக்கரத்துடன் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. 1717இல் பிறந்தவர், ஆறு வயதில் அம்மை நோய் பார்வையைப் பறித்துக்கொண்டது. அதன்பின் பிடில் வாசித்தார், நீந்தினார், குதிரை ஓட்டினார், வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைத் திருமணத்துக்கு முந்தைய இரவு அழைத்துக்கொண்டு போய் மணந்தார். லண்டனிலிருந்து ஹாரோகேட் வரை நடந்தே வந்து, குதிரை வண்டியில் கிளம்பிய ஒரு ராணுவ கர்னலை முந்தினார். பிறகு, 1765 முதல், வட இங்கிலாந்தில் ஏறத்தாழ 180 மைல் நீளத்துக்குச் சாலைகள் போட்டார். கைத்தடியால் தட்டியே நிலத்தின் தன்மையை அறிந்துகொள்வார். சேற்று நிலத்தில் சாலை மூழ்கிவிடும் என்று மற்றவர்கள் கைவிட்ட இடங்களில், புதர்ச்செடிகளைக் கட்டுக்கட்டாக அடியில் பரப்பி, அதன்மேல் கல்லும் சரளையும் கொட்டினார். சாலை நின்றது. 1810இல் இறக்கும்போது அவருக்கு வயது 92. பொய்யாகக் கட்டிய குறிப்பாட்டுக்கு உலகப் புகழ், இந்த மனிதருக்கு ஒரு பெஞ்சு! ஊரே இவர் பெயரில் அல்லவா விளம்பரம் செய்ய வேண்டும்?

மழை விட்டதும் பசி. பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினேன். யார்க்‌ஷயரில் இதற்கு ஹாடக் என்ற கடல் மீன்தான். மேல்மாவு நொறுங்க, உள்ளே மீன் இதழ் இதழாகப் பிரிந்தது. வினிகர் தெளித்து, மசித்த பச்சைப் பட்டாணியுடன் சுடச்சுடத் தின்றேன். இந்தப் பயணத்திலேயே சிறந்த சாப்பாடு. இந்தப் பகுதியில் பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். அதைத் தவிர்ப்பவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பாறையைக் குடைந்து 1408இல் ஜான் என்ற கொத்தனார் உருவாக்கிய குட்டி மாதா கோயில், வீட்டுச் சுவர்களில் நிஜம் போலவே தீட்டிய போலி ஜன்னல்கள், ஆற்றில் வாடகைத் துடுப்புப் படகு எல்லாம் உண்டு. ஜூனில் போனால் கட்டில் பந்தயம் பார்க்கலாம்: 1966 முதல் நடக்கிறது, ஆறு பேர் தள்ள, ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து, கடைசியில் எல்லாரும் கட்டிலோடு ஆற்றை நீந்திக் கடக்க வேண்டும். அடுத்த முறை விடுமுறையை அதற்கேற்பத்தான் எடுப்பேன்.

ஆற்றங்கரைக்கும் ஊருக்கும் நடுவே படிக்கட்டுகள் ஏராளம், மூட்டு வலிக்காரர்கள் யோசித்து இறங்குங்கள். குகையும் ஊற்றும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.